ஐந்து சிலிங் முதல் மும்மைப் பூட்டு வரை: பிரித்தானிய ஓய்வூதியத்தின் அரசியல்

மாலை ஐந்து மணியளவில் எனது வீட்டு விறாந்தைக்கு ஒருவர் வருவார். பாடசாலையில் எனக்கு எட்டு வகுப்புகள் மேலே படித்தவர். 1983 ஜூலை வன்செயல்களுக்கு அடுத்த வருடம் நாட்டைவிட்டு வெளியேறி, லண்டனில் 28 வருடங்கள் வேலைசெய்து, 65 வயதில் 2012ஆம் ஆண்டில் வடமராட்சியில் உள்ள தமது பூர்வீக வீட்டுக்குத் திரும்பிவந்தவர். கைத்தொலைபேசியில் பிரித்தானியச் செய்திகளை ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டு வருவார். பிரதமர் யார், நிதியமைச்சர் என்ன சொன்னார், பணவீக்கம் எத்தனை வீதம் என்பதில் அவருக்குள்ள பரிச்சயம், கொழும்பில் நான்கு தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகைப் பணி செய்த எனக்குக் கிடையாது.

கடந்த அறுபது வருட காலப் பிரித்தானிய அரசாங்கங்கள் ஒவ்வொன்றையும் அவர் ஒரே ஒரு அளவுகோலினால்தான் அளப்பார். அது ஓய்வூதியம். ஆரம்பத்தில் இதை ஒரு முதியவரின் சொந்தக் கவலை என்றே நான் நினைத்தேன். ஆனால், அவர் சொன்ன ஒரு வாசகம் என்னைப் பழைய புத்தகங்களையும் செய்தித் துணுக்குகளையும் தேடவைத்தது. "தம்பி, எவ்வளவு தந்தவங்கள் எண்டு பாக்கிறதிலை பிரயோசனமில்லை. அதை எதோடை கட்டிவைச்சிருக்கிறாங்கள் எண்டு பாக்கவேணும்" என்றார் அவர். பிரித்தானிய ஓய்வூதியத்தின் நூறு வருடங்களுக்கும் மேலான வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகக் கூறமுடியும் என்று நான் நினைக்கவில்லை.

பிரித்தானியாவில் அரசாங்க ஓய்வூதியம் 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்துடன் ஆரம்பமாகிறது. ஜேர்மனியில் பிஸ்மார்க் 1889ஆம் ஆண்டிலும் நியூசிலாந்து 1898ஆம் ஆண்டிலும் செய்துவிட்டதை, அன்று உலகின் மிகப்பெரிய சாம்ராச்சியமாக விளங்கிய நாடு தாமதித்தே செய்தது. திட்டத்தின் நிதி ஏற்பாடுகளை வகுத்தவர் ஹேர்பேர்ட் அஸ்குயித். அவர் பிரதமரானதும் நிதியமைச்சர் பதவிக்கு வந்த டேவிட் லோய்ட் ஜோர்ஜ் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார். முதற் கொடுப்பனவு 1909 ஜனவரி முதலாம் திகதி தபாலகங்களில் வழங்கப்பட்டது.

தொகை வாரத்துக்கு 5 சிலிங். தம்பதியருக்கு 7 சிலிங் 6 பென்ஸ். வயது எழுபது ஆகியிருக்கவேண்டும். உழைத்துக் களைத்த தொழிலாளர்களில் எழுபதைக் கண்டவர்கள் சிறுபான்மையினரே. வருட வருமானம் 21 பவுண்களுக்கு மேற்பட்டால் தொகை குறையும். 31 பவுண் 10 சிலிங்கைத் தாண்டினால் எதுவும் இல்லை. அத்துடன் ஒழுக்கப் பரீட்சையும் இருந்தது. சிறைத்தண்டனை அனுபவித்து அதிக காலம் ஆகாதவர்களும் இயலுமாக இருந்தும் வேலைசெய்யாமல் காலத்தைக் கழித்தவர்கள் என்று கருதப்பட்டவர்களும் விலக்கிவைக்கப்பட்டனர்.

இத்தனை நிபந்தனைகளுக்கு மத்தியிலும் அந்த ஐந்து சிலிங் ஒரு புரட்சி. அதற்கு முன்னர், உழைக்கமுடியாமற்போன முதியவர்களுக்கு எஞ்சியிருந்த வழி வறியோர் நிவாரணமும் அதன் கடைசிப் படியான வறியோர் விடுதியும்தான். கணவனையும் மனைவியையும் வெவ்வேறாகப் பிரித்துவைக்கும் அந்த விடுதியின் வாசலை மிதிப்பதைவிடப் பட்டினி மேல் என்று எண்ணியவர்கள் பலர். தபாலகத்தில் தலைநிமிர்ந்து நின்று பணம் பெறுவது அவர்களுக்கு முற்றிலும் புதிய அனுபவம். பணத்தை எடுத்துக்கொடுத்த தபாலகப் பெண்ணுக்குக் கிராமத்து முதியவர்கள் தமது தோட்டத்துப் பூக்களையும் அப்பிள்களையும் கொண்டுவந்து கொடுத்ததை எழுத்தாளர் ஃபுளோரா தொம்சன் பதிவு செய்திருக்கிறார். அவரும் தபாலகத்தில் பணியாற்றியவரே.

இந்தச் சிறிய தொகை பிரித்தானிய அரசியலமைப்பையே மாற்றியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓய்வூதியத்துக்கும் புதிய போர்க்கப்பல்களுக்கும் பணம் தேடுவதற்காக லோய்ட் ஜோர்ஜ் 1909 ஏப்ரலில் முன்வைத்ததே 'மக்கள் வரவு செலவுத் திட்டம்'. செல்வந்தர்கள் மீதும் நிலவுடைமையாளர்கள் மீதும் அது புதிய வரிகளை விதித்தது. நிலப்பிரபுக்கள் நிறைந்திருந்த பிரபுக்கள் சபை 350க்கு 75 என்ற வாக்குகளால் 1909 நவம்பர் 30ஆம் திகதி அதை நிராகரித்தது. 1910ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரு பொதுத்தேர்தல்கள் நடந்தன. இறுதியில் 1911ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டம் நிதிச் சட்டமூலங்களைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரபுக்களிடமிருந்து பறித்தது. முதியவர்களுக்குக் கொடுத்த ஐந்து சிலிங்கின் கணக்கைத் தீர்க்கப்போய், பல நூற்றாண்டுகால அதிகாரம் ஒன்று முடிவுக்கு வந்தது.

அடுத்த பெரிய மாற்றம் 1925இல் வந்தது. சுகாதார அமைச்சராக நெவில் சேம்பர்லினும் நிதியமைச்சராக வின்ஸ்ரன் சேர்ச்சிலும் இருந்தபோது கொண்டுவரப்பட்ட சட்டம், தொழிலாளியும் தொழில்வழங்குநரும் பங்களிப்புச் செலுத்தி 65 வயதில் ஓய்வூதியம் பெறும் முறையை ஏற்படுத்தியது. அன்றிலிருந்து ஓய்வூதியம் தருமம் அல்ல. கட்டிய காசுக்கான உரிமை என்ற எண்ணம் வேரூன்றியது. வில்லியம் பெவரிட்ஜின் 1942ஆம் ஆண்டு அறிக்கை அதை முழுச் சமுதாயத்துக்கும் விரித்தது. புதிய ஓய்வூதியத்தை இருபது வருடங்களில் படிப்படியாக உயர்த்தவேண்டும் என்பதே பெவரிட்ஜின் யோசனை. ஆனால், போரிலிருந்து மீண்ட மக்களை இருபது வருடங்கள் காத்திருக்கச் சொல்ல அட்லியின் தொழிற்கட்சி அரசாங்கம் விரும்பவில்லை. முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான அமைச்சர் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ் 1946 ஒக்டோபரிலேயே வாரத்துக்கு 26 சிலிங் வழங்கச் செய்தார்.

அந்த முடிவுடன் ஒரு விடயம் நிரந்தரமாகியது. செலுத்தப்படும் பங்களிப்புகள் ஒரு பெட்டகத்தில் சேமிக்கப்படுவதில்லை. இன்றைய தொழிலாளியின் பணம் இன்றைய முதியவருக்குப் போகிறது. அந்தத் தொழிலாளி முதுமையடையும்போது நாளைய தொழிலாளி கொடுப்பான் என்பதே ஏற்பாடு. "நான் கட்டின காசு" என்று எனது நண்பர் சொல்வது நியாயத்தில் சரி. கணக்கில் சரியல்ல. ஓய்வூதியம் எப்போதுமே தலைமுறைகளுக்கிடையிலான ஒரு வாக்குறுதி. வாக்குறுதி என்பதனாலேயே அது அரசியலின் கையில் இருக்கிறது.

26 சிலிங் எந்த அளவுகோலுடனும் கட்டப்பட்டிருக்கவில்லை. விலைவாசி ஏற ஏற, அரசாங்கம் மனம்வைத்தபோது கூட்டிக்கொடுத்தது. இந்தக் குறையைத் தீர்த்தவர் தொழிற்கட்சியின் பார்பரா காசல். 1974இல் சமூக சேவைகள் அமைச்சரான அவர், தனிநபர் ஓய்வூதியத்தை 7 பவுண் 75 பென்ஸிலிருந்து 10 பவுண்களாக ஒரேயடியாக உயர்த்தினார். அதைவிட முக்கியமாக, விலைவாசி, சராசரி ஊதியம் என்ற இரண்டில் எது கூடுதலாக உயருகிறதோ அதற்கேற்ப ஓய்வூதியமும் உயரவேண்டும் என்பதைச் சட்டமாக்கினார். நாடு செழிக்கும்போது அந்தச் செழிப்பில் முதியவருக்கும் பங்குண்டு என்பதே அதன் பொருள்.

அந்தக் கட்டு ஐந்து வருடங்களே நிலைத்தது. 1979 மே மாதத்தில் மார்கரட் தட்சர் பதவிக்கு வந்த இரவு நான் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கம் செய்யும் இளம் உதவி ஆசிரியன். ஐரோப்பாவின் முதலாவது பெண் பிரதமர் என்று முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டோம். ஆனால், மறுவருடம் அவரது நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹோவின் சிக்கன நடவடிக்கைகளின் ஓர் அங்கமாக, 1980ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் ஓய்வூதியத்துக்கும் ஊதியத்துக்கும் இடையிலான கட்டு அறுக்கப்பட்டு, இனிமேல் விலைவாசி மாத்திரமே அளவுகோல் என்று ஆக்கப்பட்டபோது நாம் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. வேலைநிறுத்தங்களும் பின்னர் வந்த போக்லண்ட் போரும் எமது பக்கங்களை நிறைத்தன. சத்தமில்லாமல் நடக்கும் மாற்றங்களை நாம் செய்தியாகப் பார்ப்பதில்லை. இது எமது தொழிலின் பழைய குறைபாடு.

அன்று எந்த முதியவருடைய கையிலிருந்தும் ஒரு பென்ஸ்கூடப் பறிக்கப்படவில்லை. அடுத்த வருடமும் ஓய்வூதியம் உயர்ந்தது. ஆனால் ஊதியங்கள் அதைவிட வேகமாக உயர்ந்தன. 1979இல் சராசரி ஊதியத்தின் நான்கில் ஒரு பங்கு அளவில் இருந்த அடிப்படை ஓய்வூதியம், இருபது சொச்ச வருடங்களில் ஆறில் ஒரு பங்காகத் தேய்ந்துபோனது. எந்தத் தேர்தலிலும் மக்கள் முன் வைக்கப்படாத ஒரு குறைப்பு இது.

தொழிற்கட்சி 1997இல் ஆட்சிக்குத் திரும்பியபோது பலர் பழைய கட்டு மீளும் என்று எதிர்பார்த்தனர். ரொனி பிளயரும் நிதியமைச்சர் கோர்டன் பிரவுணும் அதைச் செய்யவில்லை. மிகவும் வறிய முதியவர்களுக்கு வருமானம் பார்த்து உதவுவதே சிக்கனமான வழி என்பது பிரவுணின் வாதம். அதேவேளை, குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு என்ற புதிய உதவியை அவர் 1997இல் அறிமுகப்படுத்தினார். அது சகல முதியவர்களுக்கும் உரியதாக இருந்தது.

பின்னர் வந்தது அந்தப் புகழ்பெற்ற 75 பென்ஸ். அளவுகோலாகக் கொள்ளப்பட்ட 1999 செப்டெம்பரில் விலைவாசி உயர்வு 1.1 வீதம். அதனால் 2000 ஏப்ரலில் ஓய்வூதியம் 66 பவுண் 75 பென்ஸிலிருந்து 67 பவுண் 50 பென்ஸாக உயர்ந்தது. சட்டப்படி சரியான கணக்கு. ஆனால், திறைசேரியில் பணம் நிறைந்திருந்த ஒரு காலத்தில், வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்களுக்கு வாரம் முக்கால் பவுண் நீட்டப்பட்டதை நாடு அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டது. அந்த வருடம் செப்டெம்பரில் பிறைற்றனில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டில், 89 வயதான பார்பரா காசல் தாம் கட்டிய முடிச்சை மீண்டும் கட்டுமாறு தமது சொந்தக் கட்சியிடமே வாதாடினார். மாநாடு தலைமைத்துவத்தைத் தோற்கடித்துத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தலைமைத்துவம் கொள்கையை மாற்றவில்லை; ஆனால், அடுத்த ஏப்ரலில் 5 பவுண் உயர்வு வழங்கியது. காசல் 2002 மே மாதத்தில் காலமானார். அவர் கேட்ட கட்டை அவர் காணவில்லை.

அதை மீண்டும் கட்டியவர்கள் தட்சரின் கட்சியினர் என்பது வரலாற்றின் வேடிக்கை. அடேர் ரேர்னர் தலைமையிலான ஓய்வூதிய ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து, ஊதியத்துடனான இணைப்பை மீட்பதற்கான சட்டம் 2007இல் நிறைவேறியது. 2010இல் பதவிக்கு வந்த கன்சர்வேட்டிவ் - லிபரல் ஜனநாயகக் கூட்டரசாங்கம் ஒரு படி மேலே போனது. விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு, 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது கூடியதோ அதுவே ஓய்வூதியத்தின் உயர்வு என்ற 'மும்மைப் பூட்டு' 2011 ஏப்ரலிலிருந்து அமுலில் இருக்கிறது. 2022இல் மாத்திரம், பெருந்தொற்றுக்குப் பின்னர் ஊதியப் புள்ளிவிபரங்கள் செயற்கையாக வீங்கிவிட்டன என்ற காரணத்தைக் கூறி ஊதிய அளவுகோலை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தனர். அந்த ஏப்ரலில் உயர்வு 3.1 வீதம். அதே வருடம் ஒக்டோபரில் பணவீக்கம் 11.1 வீதத்தைத் தொட்டது.

அதன் பின்னர் முதியவர்களின் பணத்தில் கைவைத்த அரசாங்கங்கள் சுட்டுக்கொண்டன. 2017 தேர்தல் விஞ்ஞாபனத்தில் தெரேசா மே பூட்டின் ஒரு மடிப்பை நீக்கவும் குளிர்காலக் கொடுப்பனவை வருமானம் பார்த்து வழங்கவும் முன்வந்தார். முதியோர் பராமரிப்புச் செலவு பற்றிய யோசனையும் சேர்ந்துகொள்ள, பெரும் வெற்றி எதிர்பார்க்கப்பட்ட தேர்தலில் பெரும்பான்மையை இழந்தார். அவரைத் தாங்கிப்பிடித்த வட அயர்லாந்துக் கட்சியுடனான உடன்பாட்டில் மும்மைப் பூட்டையும் குளிர்காலக் கொடுப்பனவையும் தொடுவதில்லை என்று எழுதிக்கொடுக்க நேர்ந்தது.

அந்தப் பாடத்தைப் படிக்காதவர் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ். 2024 ஜூலை 4ஆம் திகதி தொழிற்கட்சி பெருவெற்றி பெற்று 25 நாட்களில், முன்னைய அரசாங்கம் 2,200 கோடி பவுண் துண்டுவிழும் தொகையை விட்டுச்சென்றதாகக் கூறி, 200 அல்லது 300 பவுண் குளிர்காலக் கொடுப்பனவை மிகவும் வறியவர்களுக்கு மாத்திரம் மட்டுப்படுத்துவதாக அறிவித்தார். பெறுநர்களின் எண்ணிக்கை ஒரு கோடி 14 இலட்சத்திலிருந்து ஏறக்குறைய 15 இலட்சமாகியது. தகுதியிருந்தும் வறியோருக்கான ஓய்வூதிய உதவிக்கு விண்ணப்பிக்காதவர்கள் மூன்றிலொரு பங்கு அளவில் இருக்கும் நாட்டில், அந்த உதவியையே தகுதியின் அடையாளமாக வைத்ததுதான் பெரிய தவறு. வறியோர் விடுதியின் வெட்கம் நூறு வருடங்களுக்குப் பின்னரும் முதியவர்களின் மனதைவிட்டு முற்றாக நீங்கவில்லை போலும். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல்களில் தொழிற்கட்சி பெரும் பின்னடைவைச் சந்தித்தது. அன்றே நடந்த றங்கோன் இடைத்தேர்தலில் 6 வாக்குகளால் தோற்றது. ஜூன் 9ஆம் திகதி, வருட வருமானம் 35,000 பவுண் வரை உள்ள சகலருக்கும் கொடுப்பனவு மீண்டும் உண்டு என்று அரசாங்கம் பின்வாங்கியது.

இதைக் கேட்டபோது நண்பர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மும்மைப் பூட்டு 2029-30ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு 1,550 கோடி பவுண் மேலதிகச் செலவை ஏற்படுத்தும் என்றும் அது ஆரம்ப மதிப்பீட்டின் மூன்று மடங்கு என்றும் வரவு செலவுப் பொறுப்புக்கான அலுவலகம் 2025 ஜூலையில் கணித்தது. அந்தப் பணத்தைச் செலுத்துபவர்கள் யார்? லண்டனில் வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கும் இளையவர்கள். அவர்களில் எமது பிள்ளைகளும் அடக்கம். முதியவர்கள் வாக்களிக்கிறார்கள், இளையவர்கள் வாக்களிப்பது குறைவு என்பதனால் பூட்டு காப்பாற்றப்படுமானால், தலைமுறைகளுக்கிடையிலான வாக்குறுதி ஒருபக்கம் சாய்ந்துவிடும். நண்பரிடம் இதைச் சொன்னேன். "உண்மைதான் தம்பி. ஆனா அந்தப் பூட்டு எனக்குப் பூட்டேல்லையே" என்றார்.

அவர் சொன்னதும் உண்மையே. பிரித்தானிய ஓய்வூதியத்தை உலகின் எந்த மூலையிலும் பெறலாம். ஆனால், வருடாந்த உயர்வு எல்லா மூலைகளுக்கும் போவதில்லை. ஐரோப்பிய நாடுகளிலும், அமெரிக்கா, ஜமெய்க்கா, பிலிப்பைன்ஸ் போன்று இதற்கான உடன்படிக்கை உள்ள நாடுகளிலும் வாழ்பவர்களுக்கு உயர்வு உண்டு. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா, இலங்கை என்று பொதுநலவாயத்தின் பெரும்பகுதியில் இல்லை. அங்கே முதல்நாள் தொகையே கடைசிநாள் தொகை. இவ்வாறு உறைந்துபோன ஓய்வூதியத்துடன் வாழ்பவர்கள் நாலரை இலட்சம் அளவில் இருக்கிறார்கள்.

தென்னாபிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அனெற் கார்சன் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். அவருக்கு 2000ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட அடிப்படை ஓய்வூதியம் 67 பவுண் 50 பென்ஸ். அதாவது, லண்டனில் முதியவர்கள் அவமதிப்பு என்று கொதித்தெழுந்த அந்த 75 பென்ஸ் உயர்வுடன் வந்த அதே தொகை. அவர்களுக்கு அடுத்த வருடமே 5 பவுண் கிடைத்தது. கார்சனுக்கு அதுவே நிரந்தரம். பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் 2005இலும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு 11க்கு 6 என்ற பெரும்பான்மையுடன் 2010 மார்ச்சிலும் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தனர். சமூகப் பாதுகாப்பு முதன்மையாக நாட்டில் வாழ்பவர்களுக்கானது என்பதே தீர்ப்பின் சாரம்.

எனது நண்பரின் அடிப்படை ஓய்வூதியம் 2012இல் வாரம் 100 பவுண்ணுக்குச் சற்று அதிகம். இன்றும் அதுதான். அதே பங்களிப்புச் செய்த அவரது பழைய சக ஊழியர் லண்டனில் 2025 ஏப்ரலிலிருந்து பெற்றது 164 பவுண்ணுக்கு மேல். 2023 கோடையில் பேத்தியின் திருமணத்துக்காக ஆறு வாரங்கள் அவர் லண்டன் சென்றிருந்தார். தற்காலிகமாக வந்து தங்கியிருக்கும் நாட்களுக்கு நடப்பு வீதத்தைக் கோரலாம் என்ற விதியின்படி, அந்த ஆறு வாரங்களும் அவருக்கு 145 பவுண்ணுக்கு மேல் கிடைத்தது. பலாலியில் வந்திறங்கியதும் மீண்டும் நூறு. மனிதர் அதே மனிதர். கட்டிய காசும் அதே காசு. நிற்கும் மண் மாத்திரம் வேறு.

இன்னொன்றையும் அவர் கேட்பார். வெளிநாட்டில் வாழும் பிரித்தானியப் பிரஜைகள் 15 வருடங்களுக்குப் பின்னர் வாக்குரிமையை இழக்கும் விதி 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது. வாக்குக்கு எல்லையில்லை என்றால் உயர்வுக்கு மாத்திரம் ஏன் எல்லை என்பது அவரது கேள்வி. என்னிடம் பதிலில்லை. நாலரை இலட்சம் பேரின் வாக்குகள் நூற்றுக்கணக்கான தொகுதிகளில் சிதறிக்கிடக்கின்றன. றங்கோனில் ஆறு வாக்குகள் செய்ததை அவற்றினால் செய்யமுடியாது என்பதைத் தவிர.

தனியார் பத்திரிகையில் பணியாற்றிய எனக்கு ஓய்வூதியமே இல்லை. ஊழியர் சேமலாப நிதியாக ஒரே தடவையில் கிடைத்த பணத்தை 2022இன் பணவீக்கம் கரைத்ததைக் கண்முன்னே பார்த்தவன் நான். ஆகவே வாரம் நூறு பவுண் பெறுபவர் குறைபடுவதா என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றியதுண்டு. இந்த வரலாற்றைத் தேடி வாசித்த பிறகு அப்படித் தோன்றுவதில்லை. அவர் கேட்பது கூடுதல் பணத்தை அல்ல. ஒரே வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டியவர்களை ஒரே கணக்கில் சேர்க்கும்படியே கேட்கிறார். 1908இல் ஒழுக்கப் பரீட்சை வைத்து விலக்கினார்கள். இப்போது உலகப் படத்தை வைத்து விலக்குகிறார்கள்.

இரவு மேசையில் இருந்த காலத்தில், யார் வென்றார், யார் வீழ்ந்தார் என்பதே எமக்குச் செய்தி. 1980இல் நாம் தவறவிட்ட அந்த ஒரு வரியின் விலையை, ஒவ்வொரு மாலையும் ஐந்து மணிக்கு விறாந்தைக்கு வரும் ஒருவரிடமிருந்து இப்போதுதான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.